கோடையில் பார்த்தால் அது வெறும் பள்ளம்தான்

ஒருநாள் காலையில் மரங்களுக்கு நடுவே ஆரஞ்சு ரிப்பன்கள் முளைத்திருந்தன. சில அடிக்கு ஒரு மரக்குச்சி, அதன் தலையில் ஒரு ரிப்பன், ரிப்பனில் கறுப்பு மையில் ஓர் எண். யாரோ ஓட்டப்பந்தயம் நடத்தப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். எவ்வளவு நேராகப் போட்டிருக்கிறார்கள் பார் என்று மெச்சிக்கொண்டே இரண்டு வாரம் அந்த ரிப்பன்களை ஒட்டியே ஓடினோம். அந்தத் தடத்துக்கு நான் ஒரு பெயர்கூட வைத்து என் கைக்கடிகாரத்தில் சேமித்து வைத்தேன். காட்டை இரண்டாக வகுந்துகொண்டு போகவிருந்த சாலையின் மையக்கோடு அது என்பது மூன்றாவது வாரம்தான் தெரிந்தது.

அதற்குள் ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்திருந்த 30 நாளில் 19 நாள் போய்விட்டது. அறிவிப்பு முறைப்படி ஒட்டப்பட்டிருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஓர் அலுவலகத்தின் உள்வராந்தாவில், பழைய ஏல அறிவிப்புகளுக்குப் பக்கத்தில். ஆகவே எங்களைப்போல் ஏமாறாதீர்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் காட்டில் குச்சியோ, மரத்தில் பெயின்ட் குறியோ, புதிதாக நட்ட எல்லைக்கல்லோ கண்ணில் பட்டால் அன்றைக்கே படம் எடுத்துக்கொண்டு, அது யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். பந்தயமாக இருந்தால் நல்லதாய்ப் போயிற்று.

விஷயம் தெரிந்ததும் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். காட்டைக் காப்பாற்ற இப்போதெல்லாம் முதலில் செய்வது அதைத்தானே. இரண்டே நாளில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். சூரிய உதயப் படங்கள், அழுகிற முகங்கள், கடைசி மூச்சுவரை விடமாட்டோம் என்ற சபதங்கள். அந்தக் காட்டில் கால் வைத்தே இராத ஒருவர் தினமும் காலையில் தவறாமல் ஒரு கவிதை போட்டார். அந்த நான்கு நாளில் உருப்படியாக நடந்தது ஒன்றுதான். எங்களில் வயதில் மூத்தவரான, பறவை பார்க்கும் டீச்சர் அந்த அலுவலகத்துக்கு நடந்து போய் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் முழு நகலை வாங்கி வந்தார். அதைக் குழுவில் சொல்லக்கூட இல்லை.

முதல் கூட்டம் காட்டு முகப்பில் இருக்கும் பெரிய பாறையில் நடந்தது. கூட்டம் என்று சொல்வதைவிடச் சண்டை என்று சொல்லலாம். நடப்பவர்களுக்கு சைக்கிள்காரர்களைக் கண்டால் ஆகாது. சைக்கிள்காரர்களுக்கு நாயோடு வருபவர்களைக் கண்டால் ஆகாது. பறவை பார்ப்பவர்களுக்கு யாரைக் கண்டாலும் ஆகாது. சாலை வந்தால் தங்கள் தடம் எங்கே துண்டாகும் என்பதைத்தான் ஒவ்வொருவரும் பேசினார்கள். நானும் விதிவிலக்கில்லை, அந்தப் புதிய ஓட்டத் தடம் போய்விடுமே என்று பேசினேன். இளைஞர்கள் சிலர் மரத்தில் பரண் கட்டி உட்காரலாம் என்றார்கள். ஜெர்மனியின் ஹம்பாக் காட்டை உதாரணம் காட்டினார்கள்.

உதாரணம் தவறில்லை, பாதிதான் சொன்னார்கள். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஹம்பாக் காட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. மீதிக்காக 2012 முதல் ஆட்கள் மரத்தின் மேலேயே குடியிருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது அவர்களால்தான். ஆனால் 2018 அக்டோபரில் வெட்டுவதை நிறுத்தி வைத்தது மூன்ஸ்டர் நகரின் உயர் நிர்வாக நீதிமன்றம். ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தொடுத்த வழக்கு அது. பெக்ஸ்டைன் வௌவால் வாழும் அந்தக் காடு ஐரோப்பியச் சட்டப்படி பாதுகாக்கப்பட வேண்டிய இடமா என்ற கேள்வி தீரும்வரை மரத்தைத் தொடக்கூடாது என்றது நீதிமன்றம். பரணில் உட்கார்ந்தவர்கள் காலத்தை வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்குள் வௌவாலைப் பற்றிய விவரத்தோடு ஒருவர் தயாராக இருக்க வேண்டியிருந்தது.

எங்கள் சத்தம் கொஞ்சம் அடங்கியதும் டீச்சர் பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். ஓரமெல்லாம் பென்சில் குறி. "தம்பி, முடிவுரையை விடுங்க. கள ஆய்வு எந்தத் தேதியில நடந்துருக்குன்னு மட்டும் பாருங்க" என்றார்.

மூன்று நாள். மூன்றும் கடுங்கோடையில்.

அடுத்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். காட்டின் நடுவில், நாங்கள் எல்லோரும் அறிந்த ஓர் இடத்தில், "தாழ்வான வெற்று நிலம், நீர்நிலை எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைக்காலத்தில் அந்த வெற்று நிலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் கடப்போம். கோடையில் பார்த்தால் வெறும் பள்ளம்தான், வெடித்த களிமண்ணும் சருகும் கிடக்கும்.

அது வற்றிப்போவதுதான் அதன் பெருமையே என்று டீச்சர் சொன்னபோது முதலில் புரியவில்லை. ஆண்டு முழுவதும் தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும். மீன் இருந்தால் தவளை முட்டையும் தலைப்பிரட்டையும் அதற்குத் தீனி. சில மாதம் நிறைந்து பிறகு காய்கிற குட்டையில் மீன் நிலைக்காது. அதனால்தான் பல தவளை இனங்கள் இப்படிப்பட்ட குட்டைகளைத் தேடி வந்து முட்டையிடுகின்றன. உலகில் இருக்கிற நீர்நில வாழ்வன இனங்களில் சுமார் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அப்படித் தவளைகள் தேடி வரும் குட்டைகளில் ஒன்றில் நான் வாரம் தவறாமல் காலைக் கழுவியிருக்கிறேன்.

அறிக்கை படிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பயப்படுவது அதற்குத்தான். பெரிய திட்டத்துக்கு முன்னால் அதன் பாதிப்பை எழுதிப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான ஒரு சட்டத்தில் தொடங்கி உலகமெங்கும் பரவியது. எந்த நாட்டு அறிக்கையானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் 20 பக்கம் திட்டத்தின் புகழ். அதைத் தள்ளிவிட்டுப் பின்னிணைப்புக்குப் போங்கள். ஆய்வுத் தேதிகள், எத்தனை பேர் எத்தனை மணி நேரம் நடந்தார்கள், பகலில் மட்டுமா, இரவிலும் போனார்களா, உயிரினப் பட்டியல் என எல்லாம் அங்கேதான் இருக்கும். பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் பட்டியலில் உப்பங்கழியில் மட்டுமே வளரும் செடி ஒன்று இருந்தது. எங்கள் காட்டிலிருந்து கடலைப் பார்க்க ராக்கெட்டில்தான் போக வேண்டும். வேறு ஏதோ அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியது. அந்த ஒரு செடியை வைத்து மொத்தப் பட்டியலையும் எங்களால் கேள்வி கேட்க முடிந்தது.

சரி, குட்டையில் தண்ணீர் இருக்கும் என்று நமக்குத் தெரியும். நிரூபிப்பது எப்படி? மீதியிருப்பது ஏழு நாள், வெளியே கோடை, குட்டையில் புழுதி.

இங்கேதான் ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் முதன்முதலாக உதவினார்கள், அதுவும் தெரியாமல். எல்லோருடைய போனிலும் அந்தக் காட்டின் படங்கள் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்தன. குட்டை தெரிகிற படம் எதுவானாலும் தேடி எடுக்கச் சொன்னோம். ஒரு பையன் தயங்கித் தயங்கி ஒரு படத்தைக் காட்டினான். அவன் சைக்கிளோடு சேற்றில் குப்புற விழுந்து கிடக்கிறான், நண்பர்கள் உதவாமல் சிரித்துக்கொண்டே எடுத்தது. குழுவில் எத்தனையோ முறை கேலிக்காகச் சுற்றிய படம்தான். டீச்சர் அதை விரலால் பெரிதாக்கினார். அவன் முழங்கைக்கு அரை அடி தள்ளி, தண்ணீருக்குள் சாய்ந்திருந்த ஒரு புல்லில் ஏதோ ஒட்டியிருந்தது. வழவழப்பான கண்ணாடி மணிகளைக் கொத்தாகச் சேர்த்ததுபோல. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. தவளை முட்டை. அத்தனை முறை பார்த்துச் சிரித்தும் எங்களில் ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை.

இதில் நாங்கள் கற்றது: வாட்ஸ்அப்பில் வந்த படம் சாட்சிக்கு உதவாது. படமாக அனுப்பும்போது எடுத்த தேதியும் இடமும் கோப்பிலிருந்து கழன்றுவிடும். எடுத்தவரின் போனில் இருக்கும் மூலக் கோப்பை, வெட்டாமல், நிறம் ஏற்றாமல், அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். போன் மாற்றியவர்கள் பழைய படத்தைத் தொலைத்திருந்தார்கள், அது தனி வருத்தம். கடைசியில் நான்கு மழைக்காலங்களைச் சேர்ந்த படங்கள் தேறின. பெரும்பாலும் கேலிப் படங்கள்தான்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் இந்தக் காட்டைப் பயன்படுத்துகிறோம் என்று காட்டினால் மதிப்பு கூடும் என நினைத்து, ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலியிலிருந்து எங்கள் தடங்கள் எல்லாம் நெருப்புக் கோடுகளாகத் தெரியும் வரைபடத்தை எடுத்து மனுவோடு இணைத்தேன். யோசனை என்னுடையதுதான். திட்டத்தின் தரப்பு ஆலோசகர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தக் காடு ஏற்கெனவே எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்பதை இவர்களே வரைந்து கொடுத்திருக்கிறார்கள்" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அன்று மாலை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். மற்ற இடங்களில் ஆள் ஒருவர் போகும் அகலமுள்ள தடம் குட்டையின் கரையில் ஆறு மீட்டருக்கு விரிந்திருந்தது. சேற்றில் ஷூ நனையாமலிருக்க ஒவ்வொருவரும் ஒரு எட்டு தள்ளித் தள்ளி நடந்து கரையின் செடிகளைத் தீர்த்திருந்தோம். சேறு இருந்தால் அதன் நடுவிலேயே போக வேண்டும், இல்லை, அன்றைக்குப் போகக்கூடாது. விளிம்பில் ஒதுங்குவதுதான் கெடுதல். கூடவே, இளைஞர்கள் சைக்கிளில் தாவ மண் குவித்து அமைத்திருந்த மேடு ஒன்று, தண்ணீர் குட்டைக்கு வரும் வழியிலேயே இருந்தது.

அந்த மேட்டைக் கலைப்பதா என்பதில்தான் குழு கிட்டத்தட்ட உடைந்தது. சாலை போடுகிறவனை விட்டுவிட்டு எங்களை ஏன் பிடிக்கிறீர்கள் என்று கத்தினார்கள். நியாயமான கோபம்தான், இரண்டு கோடை உழைத்துக் கட்டியது. சிலர் அன்றோடு போனவர்கள் திரும்பவே இல்லை. மீதிப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்து மேட்டைக் கலைத்தார்கள். குட்டைக்கரைத் தடத்தில் விழுந்த கிளைகளைக் குறுக்கே போட்டு மூடினோம், புதுத் தடத்தை மேட்டுப்பக்கமாகத் திருப்பினோம். முன்னும் பின்னும் படம் எடுத்து, தேதி போட்டு, அதையும் மனுவில் சேர்த்தோம். ஆலோசகரின் வாயை அடைத்தது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மனு விஷயத்தில் ஒரு நடைமுறைச் செய்தி. ஆயிரம் கையெழுத்தோடு ஒரே மனு கொடுத்தால் எங்கள் ஊர் அலுவலகத்தில் அதை ஓர் ஆட்சேபமாகவே பதிந்தார்கள். தனித்தனிக் கடிதம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியாக வேண்டும். அதுவும் ஒரே வாசகத்தை நகலெடுத்தால் கட்டாகச் சேர்த்து ஒரே பதில் கொடுத்துவிடுகிறார்கள். எனவே ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம் என்று பிரித்துக்கொண்டோம். ஒருவர் ஆய்வுத் தேதி, ஒருவர் உப்பங்கழிச் செடி, ஒருவர் பழைய நடைபாதை. எதையும் "இது மிகவும் அழகான காடு" என்று ஆரம்பிக்க வேண்டாம் என்பது டீச்சரின் உத்தரவு. முதலில் பாதிப்பைத் தவிர்க்க முடியுமா, முடியாவிட்டால் குறைக்க முடியுமா, பிறகு சீர்செய்ய முடியுமா, எதுவுமே முடியாதபோதுதான் வேறு இடத்தில் ஈடுசெய்வது என்ற வரிசை இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்டது. எங்கள் அறிக்கை முதல் மூன்று படியையும் தாண்டி நேராக "வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று" என்று குதித்திருந்தது. ஆந்தை குடியிருக்கும் அளவுக்குப் பொந்து விழ ஒரு மரத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆகும், சில வகைகளுக்கு நூறு ஆண்டுக்கும் மேல். அதுவரை ஆந்தை எந்தக் கன்றில் போய் உட்காரும் என்று ஒரு கடிதத்தில் கேட்டிருந்தோம். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

பழைய நடைபாதைக் கடிதம் என் பொறுப்பு. லண்டன் ஓரத்தில் இருக்கும் எப்பிங் காட்டின் கதை அதற்குத் தூண்டுதல். அங்கே நிலக்கிழார்கள் காட்டை வளைத்து வேலி போட்டபோது, விறகுக்குக் கிளை வெட்டும் பழைய உரிமையை விட்டுக்கொடுக்காமல் தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளியும் அவர் குடும்பமும் தொடர்ந்து வெட்டினார்கள், அதற்காகக் குடும்பத்தினர் சிறைக்கும் போனார்கள். அந்தத் தகராறு பெரிதாகி, ஆடுமாடு மேய்க்கும் உரிமையை வைத்து லண்டன் நகர மாநகராட்சியும் வழக்கில் இறங்கி, 1878இல் காட்டைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. இன்று அது சுமார் 2,400 ஹெக்டேர். உங்கள் காட்டிலும் பழைய வரைபடம், பழைய பாதை, பழைய பயன்பாடு என ஏதாவது பதிவில் இருக்கலாம். நான் இரண்டு நாள் தேடி ஒரு பழைய நில அளவைப் படத்தைக் கண்டுபிடித்தேன். பாதை இருந்தது, பக்கத்து மேட்டில். எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை.

இன்னொன்று, சாலைக்குத் தேவைப்படும் நிலம் காட்டின் பரப்பில் மிகச் சிறிய பங்குதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கணக்கு சரிதான். ஆனால் சாலை ஒரு கோடு, அதற்கு இரண்டு கரை உண்டு. கரையில் வெயிலும் காற்றும் உள்ளே நுழையும், மண் உலரும், ஓரத்து மரங்கள் சாயும். அமேசானில் மனௌஸ் நகருக்கு வடக்கே 1979இல் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய ஆய்வு, காட்டுத் துண்டுகளை வெவ்வேறு அளவில் விட்டுவைத்து இதைத்தான் பல பத்தாண்டுகளாகக் கவனித்தது. உலகத்தில் எஞ்சிய காட்டில் சுமார் 70 சதவீதம் ஏதோ ஓர் ஓரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. இதைப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் விளக்க எங்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்.

மூன்று நிமிடம் எவ்வளவு சின்னது என்பது மைக்கைப் பிடித்தால்தான் தெரியும். எங்களில் முதலில் பேசியவர் தன் பிள்ளைப் பருவத்தில் ஆரம்பித்தார், பள்ளிக்கூடம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. டீச்சர் பேசவே இல்லை என்று சொல்லலாம். அறிக்கையின் அந்த ஒரு வரியைப் படித்தார், "நீர்நிலை எதுவும் இல்லை". பிறகு பையன் குப்புற விழுந்த படத்தைத் திரையில் போட்டார். அரங்கமே சிரித்தது, மேடையில் இருந்தவர்களும்தான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, முழங்கைக்குப் பக்கத்தில் பெரிதாக்கினார். தேதியைப் படித்தார். உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. மேடையிலிருந்து ஒருவர், மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

மழைக்காலத்தில் மறுஆய்வு என்று உத்தரவானது. அதற்குள் நாங்களும் தயாரானோம். முதல் பெரிய மழை பெய்த இரவு தலைவிளக்கோடு போனோம். இரண்டு பேருக்குக் குறையாமல் போக வேண்டும், பாதுகாப்புக்கும் சாட்சிக்கும். தவளைக் குரலைப் போனில் பதிவு செய்தோம், படத்தில் அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வைத்தோம், எதையும் கையால் தொடவில்லை. ஷூவை வீட்டிலேயே கழுவி நன்றாகக் காயவைத்து எடுத்துப் போனோம். தவளைகளைக் கூண்டோடு கொல்லும் கைட்ரிட் என்ற பூஞ்சை ஈர ஷூவில் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யும். பதிவுகளை, உயிரினங்களைப் பார்த்தவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினோம். முகம் தெரியாதவர்கள் எங்கிருந்தோ வந்து நாங்கள் தப்பாக வைத்த பெயர்களைத் திருத்தினார்கள். ஆந்தைக் கூட்டின் சரியான இடத்தை மட்டும் மறைத்து வைத்தோம். அதைப் போட்டிருந்தால் அடுத்த வாரமே கேமராவோடு ஐம்பது பேர் மரத்தடியில் நின்றிருப்பார்கள்.

முடிவு கலப்படம். சாலை வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. குட்டையையும் பொந்து மரங்களையும் விட்டு விலகி, காட்டின் கீழ்க்கோடி வழியாகப் போகிறது. நான் 11 ஆண்டு ஓடிய தடம் அந்தக் கீழ்க்கோடியில்தான் இருந்தது. வென்றீர்களாமே என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல வாய் வருவதில்லை, இல்லை என்றும் சொல்ல வருவதில்லை. கவிதை போட்டவர் வெற்றி விழாவுக்கு ஒரு கவிதை போட்டார்.

வாட்ஸ்அப் குழு இப்போது ஒன்பது பேர். ஒவ்வொரு மழைக்காலமும் குட்டையை எண்ணுகிறோம். டீச்சருக்கு முழங்கால் வலி, இரவில் வருவதில்லை, மறுநாள் காலையில் நோட்டை வாங்கிச் சரிபார்ப்பார். குப்புற விழுந்த பையன்தான் இப்போது நோட்டு எழுதுகிறான். தேதி, நேரம், தண்ணீர் அளவு, எத்தனை முட்டைக் கொத்து, என்னென்ன குரல். இந்த ஆண்டு அவனாகவே ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருந்தான். மேலே "லாரிச் சத்தம்" என்று எழுதி, முதல் மழை இரவுக்கு நேரே 14 என்று குறித்திருந்தான். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்னு எழுதலையே" என்று பென்சிலை எடுத்தார்.